உயிரோடு இருந்தவருக்கு வந்த மரணாதார சங்கம்

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். பால் வெட்டி ஓய்ந்தவர், தனி ஆள். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் அம்புலன்ஸுக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும். மூச்சு முட்டல். அந்த வண்டியில் நோயாளியைக் கவனிக்கிறவன் நான். தோட்டத்தில் என்னை டாக்டர் என்பார்கள், நான் திருத்துவதில்லை. என் வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பெயர்களோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

வண்டி அவர் இருக்கிற லயத்து வீட்டு வரிசை வரைக்கும் போகாது. கோயிலடியில் நிறுத்திவிட்டு ஒக்சிஜன் சிலிண்டரோடு படி ஏற வேண்டும். என் தொப்பை எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்கும். ஒருமுறை நான் வாசலில் நின்று இரைத்த இரைப்பைப் பார்த்துவிட்டு, அக்கா தன் முகத்தில் மாட்டிய மாஸ்க்கைக் கழற்றி நீட்டினார்.

"மொதல்ல நீங்க போடுங்க டாக்டர். நா பொறவு போட்டுக்கிறேன்."

எங்கள் சாரதி சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும். அன்றிலிருந்து யாரை ஏற்றினாலும் "இன்னைக்கு ரெண்டு நோயாளி" என்பார்.

சிரிக்க இருந்தது அவ்வளவுதான். அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஜன்னல் கிடையாது. அடுப்பும் அதற்குள்தான். ஈர றப்பர் விறகு எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். நாங்கள் ஏற்றிப்போவோம், ஆஸ்பத்திரியில் தேற்றி அனுப்புவார்கள், அவர் பஸ் பிடித்து வந்து அதே அடுப்புக்கு முன்னால் குந்துவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகத்தான் தேறினார். இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று எனக்கே தெரிந்தது. வேண்டியது அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஓட்டை, புகை போக ஒரு தகரக் கூண்டு. அரைநாள் வேலை.

ஆனால் சுவர் கம்பனியுடையது. தொரை சொல்லாமல் ஆணி அடிக்க முடியாது. பக்கத்து வீட்டார் சமைக்கப் பின்னால் இறக்கிய தகரக் குசினியை ஆபிஸ் ஆட்கள் பிடுங்கி எறிந்ததை லயமே பார்த்திருக்கிறது.

லீவு நாளில் தோட்டத்து ஆபிஸுக்குப் போனேன். வெளிக்கள உத்தியோகத்தர் தலை நிமிரவில்லை.

"அந்தம்மா பேரு இப்ப செக்ரோல்ல இல்லயே. வேலை செய்றவங்க காம்பராவத்தான் நாங்க திருத்துவோம்."

பிறகு போய்ப் பார்த்த கிராம சேவகர் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி தந்து, அதையே வேறு மாதிரிச் சொன்னார். அது தோட்டத்துச் சுவர், அரசாங்கம் கைவைக்க முடியாது. இப்படியாக, வெட்டிய பாலுக்கு உரிமையாளர் இருந்தார், வெட்டிய ஆளுக்கு ஒருவரும் இல்லை. திரும்பும் வழியில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

சாரதிதான் வழி சொன்னார். "மரணாதார சங்கத்துல கேளு மச்சாங். தகரமும் அவங்ககிட்ட, ஆளும் அவங்ககிட்ட."

உண்மைதான். சாவு விழுந்தால் கொட்டகைத் தகரம், மேலே விரிக்கப் படங்கு, நாற்காலி என்று ஒரு மணித்தியாலத்தில் வந்து நிற்பார்கள். செயலாளர் கோயிலடியில் சலூன் வைத்திருப்பவர். கத்திரிக்கோலை நிறுத்தாமலே கேட்டார்.

"அக்கா தவறிருச்சுங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நாங்க எப்பிடிங்க வர்றது? சங்கத்துச் சட்டம் சாவுக்குத்தானே?"

"இந்த மழை போகட்டும், சட்டப்படியே வரலாம். நா சிலிண்டர் தூக்குற எடத்துல நீங்க பாடை தூக்குங்க."

கத்திரிக்கோல் நின்றது. "அந்தக்கா தேத்தண்ணி ஊத்தாத சாவு இந்தத் தோட்டத்துல இல்லைங்க," என்றார். அதற்குப் பிறகு சட்டம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறலில் வந்தார்கள். கடப்பாரை, தகரம், மழைக்குப் படங்கு. சங்கத்துப் படங்கு படி ஏறினால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. கீழ் லயத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரோ ஆபிஸுக்கும் போன் போட்டுவிட்டார்கள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனபோது அக்கா இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"யாருடி செத்தது? எங்கிட்ட ஒருத்தியும் சொல்லலியே."

கொஞ்ச நேரத்தில் கோயிலடியில் தோட்டத்து லொறி வந்து நின்றது. பெட்டிக்குப் பலகை, அடக்கத்துக்கு மண்வெட்டி. வெளிக்கள உத்தியோகத்தர் வெள்ளைச் சட்டையோடு படியேறி வந்தார். உயிரோடு இருந்தவரைப் பார்க்க வராத மனிதர். வாசலில் அக்காவைக் கண்டதும் அவர் முகம் போன போக்கை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். பிறகு அவர் கண் சுவரில் விழுந்திருந்த ஓட்டைக்குப் போனது.

"சுவர ஒடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். சாவுக்குப் பலகை, லொறி எல்லாம் வந்திருக்கே சார். செத்தா செக்ரோல்ல பேர் வந்துருமா?" என்று கேட்டேன்.

"அது தோட்டத்து வழக்கம்," என்றார்.

அக்கா குறுக்கே வந்தார். "கொண்டாந்ததக் கொண்டுபோகாதீங்கய்யா. பலகைய எறக்கச் சொல்லுங்க. அந்த ஓட்டைக்குச் சட்டம் அடிக்க ஆவும்."

உத்தியோகத்தர் படியிறங்கிப் போனார். பலகையைச் சங்கத்து ஆட்கள் தூக்கி வந்து சட்டம் அடித்து, கூண்டை ஏற்றினார்கள்.

இந்த மழையில் அக்கா எங்களைக் கூப்பிடவில்லை. ஓட்டையை அடைக்கச் சொல்லி ஆபிஸிலிருந்து ஆள் வந்து போகிறதாம். அடைக்க வருகிற அன்றைக்கு எனக்கொரு போன் கோல் எடுக்கும்படி சலூன்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சிலிண்டர் இல்லாமல் படி ஏறி, அந்தச் சுவரோடு சாய்ந்து உட்காரப்போகிறேன். என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க ஆபிஸில் இருக்கிற ஆள் காணாது.