பத்து நிமிடத் தேவசகாயம்

வாட்சைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். பக்கத்தில் பித்தளை மணி. அறையில் முப்பது நாற்காலிகள், ஏழு பேர். என்னையும் சேர்த்து ஐவர் கட்டுரை வாசிக்க வந்தவர்கள். மீதி, அமர்வின் தலைவரும் தேவசகாயமும்.

காட்பாடியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை உதவியாளர் அவர். ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வு மாநாட்டில் மணியடிப்பவர். எட்டாம் நிமிடம் ஒரு தட்டு, பத்தாம் நிமிடம் இரண்டு. அதற்குள் முடியாத கட்டுரை தொகுப்பில் அச்சாகாது. விதியைப் போட்டது துறை. அதை நம்புகிற ஒரே ஆள் இவர்.

சாவி கொடுக்கும் வாட்ச். காலையில் ரயில்வே ஜங்ஷன் கடிகாரத்தைப் பார்த்து மணி சரிசெய்வார். பிறகு அன்று முழுக்க வாட்சின் திருகைத் தொடமாட்டார்.

போன ஆண்டு டெல்லிப் பேராசிரியர் ஒருவர் எல்லோருக்கும் நன்றி சொல்லியே நான்கு நிமிடத்தைத் தீர்த்துவிட்டு, இன்னும் ஒரு நிமிடம் கேட்டாராம்.

"என்னைக் கேட்டா எப்டி சார்? வாட்ச்ச கேளுங்க."

இரண்டு தட்டு.

முதல் மணிக்கு முன்பே முடிப்பவர்களுக்குத் தேநீர் இடைவேளையில் இவர் கையால் இரண்டாவது வடை உண்டு.

ஆங்கிலக் கட்டுரைகள் புரியுமா என்று கேட்டேன்.

"சிலைடு ஜாஸ்தின்னா விசயம் கம்மி. அவ்ளோதாம்மா. காலைல செவப்பு டை கட்டின சார் நல்லாத்தான் பேசினாரு. இன்னா பேசினாருன்னு அவருக்கே தெரியாது."

என் கட்டுரை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் திங்கட்கிழமைகளில் மட்டும் ஏன் ஆள் குறைகிறது என்பது. பத்தொன்பது ஆண்டுக் குறிப்புகள் அங்கே சூப்பர்வைசராக இருந்த அப்பாவுடையவை. புள்ளியியல் என்னுடையது.

தேவசகாயம் பட்டியலில் விரல் வைத்தார். "ரெண்டு பேரு போட்ருக்கு. அப்பா வர்லியாம்மா?"

"போய்ட்டாருங்க. இருபத்திரண்டு நாளாச்சு."

சற்று நேரம் அவர் விரலை எடுக்கவில்லை. "புக்குல அவர் பேரு வரணும். பத்தே நிமிசம். மறந்துடாத."

முதல் சிலைடிலேயே அப்பாவின் பெயர். எனக்குக் குரல் வரவில்லை. தலைவர் தண்ணீர் நீட்டினார். குடித்தேன். அப்போதும் வரவில்லை. மூன்று நிமிடம் போயிருக்கும். யாரோ இருமினார்கள்.

தேவசகாயம் வாட்சைக் கையில் எடுத்தார். நகத்தால் திருகை இழுத்தார். முள்ளைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடியும் மேசைமேல் வைத்தார்.