மண் கட்டாத கரையான்

மகளுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் விலங்கியல் ஆசிரியை; பிரசவ விடுப்பில் இருந்தேன். கூடத்து விட்டத்தில்தான் அவளுக்குத் தூளி கட்டியிருந்தோம். விட்டத்தின் ஒரு முனை, மழை ஒழுகி ஊறிப்போன சுவருக்குள் செருகியிருந்தது.

ஒரு மதியம் அவள் கன்னத்தில் கசகசா போல நாலைந்து மணிகள் ஒட்டியிருந்தன. துடைத்துவிட்டேன். மறுநாளும் இருந்தன. பக்கத்துத் தெரு ஆசாரியை அழைத்துவந்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

“கரையானா இருந்தா செவுத்துல மண்ணு ஏறியிருக்குமுங்க டீச்சர். இது சும்மா வண்டு. பயப்படாதீங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண் கட்டாத கரையானும் உண்டு என்று வகுப்பில் சொன்னவள் நான். நான் படித்த காலத்தில் பூச்சிகளின் வகைப்பாட்டில் கரையானுக்குத் தனி வரிசை இருந்தது. இப்போது கரப்பான் பூச்சியின் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். மரம் தின்னும் ஒருவகைக் கரப்பான்தான் அதற்கு நெருங்கிய உறவு. கரையான்களில் ஈரமரத்தில் வாழ்பவை வெகுகாலம் முன்பே பிரிந்த கிளைகள். அவற்றில் தனி வேலைக்காரக் கூட்டம் கிடையாது. வளரும் குஞ்சுகளே குடையும். தின்கிற மரமே வீடு. வெளியே வராது. யார் கண்ணிலும் படாது. அதன் எச்சம் மட்டும் கசகசா மணிபோலக் கீழே உதிரும்.

“எதுக்கும் ஒருக்கா குத்திப் பாருங்கண்ணா.”

நாற்காலியில் ஏறி, சுவரோரம் உளியை வைத்து அழுத்தினார். தட்டவே இல்லை, உளி பிடிவரை உள்ளே போனது. பிடுங்கியதும் ஈரத்தூளோடு வெளிறிய பூச்சிகள் பொலபொலவென்று கொட்டின. அவர் முகம் மாறிவிட்டது.

“கொளந்தைய எடுங்க மொதல்ல!”

தூங்கிக்கொண்டிருந்தவளை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தூறல். செருப்புகூடப் போடவில்லை. பொம்மிடியில் வேலையில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன். “இத்தன வருசமா நிக்கிற விட்டம். இன்னைக்கா வுழப்போவுது?” என்றார். சாயங்காலம் அவர் வரும்வரை எதிர்வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஓடுகளைப் பிரித்து விட்டத்தை இறக்கினார்கள். இரண்டு பேர் தோளில் வைத்து நாலடிகூட நடக்கவில்லை. நடுவில் முறிந்து விழுந்தது. வெளியே வழவழப்பான மரம். உள்ளே அடுக்கடுக்காய் வெறும் அறைகள். கணவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

அன்று முழுக்க மகளை மடியைவிட்டு இறக்க என்னால் முடியவில்லை.