பெரியம்மா படத்தில் சிவப்பு பேட்டரி

இன்று பெரியம்மாவுக்குக் காரியம். மாலை போட அவருக்கு ஒரே ஒரு நல்ல படம்தான் உண்டு. அதுவும் அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன், என் அண்ணன், போனில். மெயிலில் அனுப்பினான்.

சித்தூர் ஸ்டூடியோக்காரரின் பழைய கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை.

"ஓபன் காலேதண்ணா, வேற மாதிரி அனுப்பச் சொல்லு."

ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றினோம். பெயர்தான் மாறியது.

அவசரத்துக்கு அண்ணன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, அதையே பிரேம் போட்டுக் குடிபாலாவில் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் பார்த்தேன்: மேல் மூலையில் அண்ணன் போனின் சிவப்பு பேட்டரி. வெட்டச் சொல்லியிருக்கலாம்.

படத்தின் நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்த பெரியப்பா, அந்த மூலையில் மட்டும் கெட்டியாக அப்பினார்.

"அவனாண்ட சொல்லாதடா. வரமுடிலன்னு அழுதுகினு கீறான்."

சொல்லவில்லை. அவன் ஃபேஸ்புக் பக்கம் வருவதில்லை.

படம் ஜேபிஜியாகவே போக போனில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இனி தேவையில்லைதான்.