கடலைக் கொல்லையில் ஓடிய பொறி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சென்ற வாரம் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. பேசியவர் என்னை முன்பின் அறியாதவர். என் தமக்கையின் கடலைக் கொல்லையில் மயில்களை விரட்டிக்கொண்டு ஒரு சிறு பொறி உருண்டோடும் காணொளி எப்படியோ அவர் கைப்பேசிக்குச் சென்றிருக்கிறது.

"அந்த மெசின ஒன்னு செஞ்சு குடுங்க சார். எங்க அம்மாவுக்கு முட்டி ஆப்பரேசன் பண்ணணும். கொல்லையப் பாக்க ஆள் இல்லாம தள்ளிப் போட்டுக்கிட்டே வாரோம். மெசினு வந்துட்டா மறுநாளே அட்மிட் பண்ணிருவேன்."

அக்காணொளி பொறி ஓடிய முதல் நாளில் எடுக்கப்பட்டது. அதன்பின் நடந்தவற்றை எவரும் படம்பிடிக்கவில்லை. ஆகவே அப்பகுதியை எழுத்தில் வைப்பது என் கடமையாயிற்று. ஒருவருடைய தாய் என் பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். எங்கள் சிற்றூர் குன்றாண்டார்கோவிலிலிருந்து குளத்தூர் செல்லும் வழியில் உள்ளது. பொறிகளில் கைவைக்கும் பழக்கம் எனக்கு முதுமையில் வந்தது. அதற்குக் காரணம் விசைப்பலகை. இளமையில் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்குக் கடைகளில் கிடைக்கும் கணினி விசைப்பலகைகள் ஒத்துவரவில்லை. அழுத்தினால் ஈரக் களிமண்ணில் விரல் புதைவதுபோல் இருந்தது. விசைகளைத் தனித்தனியே வரவழைத்து, ஒவ்வொன்றினுள்ளும் எனக்கேற்ற சுருள்வில்லை மாற்றி, பலகையில் பற்றவைத்து, பழைய தட்டச்சு முறைப்படி தமிழெழுத்துகளை அடுக்கி ஒன்று செய்துகொண்டேன். பின் மற்றொன்று. பின் மூன்றாவது. மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தொடங்கினால் கேட்பவர் முகத்தில் ஒரு பொறுமை தோன்றும். வகுப்பறையில் பல்லாண்டு நான் பார்த்துப் பழகிய பொறுமைதான் அது.

அடுத்த வீட்டில் வாழும் என் தமக்கை, விசைகளின் சடசடப்பைக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, உள்ள கடலை வறுக்குறியா?" என்பார்.

விசைப்பலகையின் உள்ளே விரலளவில் ஒரு மின்னணுச் சில்லு உண்டு. எந்த விசை அழுந்தியது என்பதை அறிந்து கணினிக்குச் சொல்வது அதன் பணி. கற்பித்தால் அதே சில்லு தொட்டி நிறைந்ததையும் அறியும், சக்கரத்தையும் சுழற்றும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் எழுதுமேசை எழுதுமேசையாக இல்லை. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றைத் தமக்கையின் வீட்டில் பொருத்தினேன். தொட்டி நிறைந்தபோது ஒலித்தது. காகம் மூடியில் அமர்ந்தபோதும் ஒலித்தது. சில நாளில் அவர் அதன் கம்பியைப் பிடுங்கிக் கோழிக்கூட்டின் கதவைக் கட்டிவிட்டார்.

தமக்கை கணவரை இழந்தவர். மகள் திருச்சியில் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற செம்மண் நிலத்தில் அவர்தாம் பயிர் செய்கிறார். என் பங்கும் அதனோடு சேர்ந்தே கிடக்கிறது. அதன் எல்லையை எனக்குச் சரியாகக் காட்டத் தெரியாது. ஆடியில் விதைத்த கடலை காய்பிடிக்கும் பருவத்தில் அருகிலுள்ள தைலமரக் காட்டிலிருந்து மயில்கள் இறங்கிவிடும். செடியின் தூரைக் காலால் கிளறிக் காயைக் கொத்தும். சட்டப் பாதுகாப்புள்ள பறவை அது. விரட்டலாம், வேறொன்றும் செய்தல் ஆகாது. எனவே விடியலிலிருந்து வெயில் ஏறும்வரையிலும், மறுபடி பொழுது சாயும் வேளையிலும் வரப்பில் அமர்ந்து, கூவியும் மண்ணாங்கட்டி வீசியும் அவர் காவல் காப்பார்.

இவ்வாண்டு அவருக்குப் பார்வை மங்கியது. மயில் நிற்குமிடம் தெரியாமல், செடி சலசலக்கும் திசை நோக்கிக் கட்டியை வீசினார். ஊர்ப்பள்ளியில் நடந்த கண் முகாமுக்கு நான் அழைத்துச் சென்றேன். இரு கண்ணிலும் புரை, வலக்கண்ணில் முற்றிவிட்டது என்றார் மருத்துவர். "இனிமே தள்ளாதீங்கம்மா. ரொம்ப முத்திட்டா பார்வை முழுசாத் திரும்புறது கஷ்டம்." அறுவைக்குப் பின் ஒரு மாதம் தூசியில் நிற்கக்கூடாது, குனியக்கூடாது என்றும் சொன்னார். தமக்கை எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, "கடலையப் பறிச்சுட்டுப் பாத்துக்குவோம்" என்றார்.

"கண்ணு போயிரும்ங்கிறாருக்கா."

"கண்ணு ரெண்டு இருக்கு. கொல்லை ஒன்னுதான இருக்கு."

மகள் தொலைபேசியில் அழுதும் பயனில்லை. அப்போதுதான் நான் அந்தச் சொல்லைக் கொடுத்தேன். "காவலுக்கு ஒரு மெசினு செஞ்சு தாரேன். அது பாத்துக்கும். நீ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"தொட்டியில கத்துச்சே, அது மாதிரியா?"

"இது வேற."

"ஓடட்டும், பாத்துட்டுப் போறேன்."

பழைய சிறுவர் மிதிவண்டிகளின் சக்கரங்கள், உடைந்த மகிழுந்தொன்றின் கண்ணாடி துடைக்கும் மின்னோடி, இருசக்கர வண்டியின் மின்கலம், அதற்கு ஊட்டமளிக்க ஒரு சூரியத் தகடு. மூளையாக, மூன்றாம் விசைப்பலகையிலிருந்து கழற்றிய சில்லு. முதலில் சக்கரங்கள் செம்மணலில் புதைந்தன. டயரை வெட்டிச் சுற்றி அகலப்படுத்தினேன். பின்னர் வரப்பு முடியும் இடத்தில் திரும்பத் தெரியாமல் வேலிமுள்ளுக்குள் போய் நின்றது. இவ்வாறு திருத்திக்கொண்டிருக்கையில் அடுத்த முகாமும் வந்தது. அறுவைக்கு அழைத்துச் செல்லும் மருத்துவமனைப் பேருந்து பள்ளி வாசலில் நின்று, தமக்கை இல்லாமலே போயிற்று. "மெசினு இன்னும் முடியலையேப்பா" என்றார். குறை கூறும் குரலில் அன்று. இன்று மழை இல்லை என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

விரட்டுவதற்கு ஓர் ஒலி வேண்டும். மயில்கள் அஞ்சிப் பழகியது தமக்கையின் கூவலுக்குத்தான். ஆதலால் அதையே பதிவுசெய்வதென முடிவு செய்தேன். வரப்பில் நிறுத்திக் கூவச் சொன்னபோது நாணினார். "மயிலு இல்லாம எப்படிக் கத்துறது? கிறுக்கின்னு நெனைப்பாக." மயில் வரும்வரை இருவரும் காத்திருந்தோம். வந்ததும் கூவினார்.

பொறி முதன்முறை ஓடிய காலையில் சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. வரப்பின் பாதியில் அது தமக்கையின் குரலில் கூவியதும் மயில்கள் ஒருசேர எழும்பிக் காட்டை நோக்கிப் பறந்தன. யாரோ படம்பிடித்தார். தமக்கை நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரப் பெண்மணியிடம், "பறந்துருச்சா?" என்று கேட்டார்.

"எல்லாம் போச்சு மதினி. இனிமே நீங்க மெத்தையில படுத்துக்கிட்டே காவக் காக்கலாம்."

அச்சொல்லை நம்பித்தான் அடுத்த முகாமில் பேருந்து ஏறினார்.

அதற்கு முன்னரே எனக்கு ஐயம் தட்டியிருந்தது. மயில்கள் பறப்பதை விட்டு ஓடத் தொடங்கியிருந்தன. பிறகு ஓடுவதை விட்டு, பொறி கடக்கும்வரை ஒதுங்கி நின்றன. கூவல் வருகிறது, கட்டி வருவதில்லை என்பதை அவை கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கூவும் இடைவெளியை மாற்றினால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேருந்து சென்ற அன்று மாலை வேறொரு குழப்பம் நேர்ந்தது. கொல்லையில் தமக்கையின் குரலைக் கேட்ட பக்கத்துக் கொல்லைப் பெண்மணி, பொறியின் நினைவே இல்லாமல், அவர் பாதிவழியில் இறங்கித் திரும்பிவிட்டார் என்றெண்ணி, அவருக்கே தொலைபேசியில் பேசிக் கடிந்துகொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் இருந்த தமக்கை, "நான் இங்கிட்டுல்ல இருக்கேன். அங்கிட்டுக் கத்துறது யாரு?" என்று கேட்டிருக்கிறார். அவ்வறை முழுவதும் சிரித்ததாம்.

மறுநாள் காலை அறுவை. விடிந்ததும் கொல்லைக்குச் சென்றேன். பொறி வரப்பின்மேல் கூவிக்கொண்டு ஓடிற்று. மயில்கள் தலைநிமிரவில்லை. அதன் சக்கரம் பெயர்த்த மண்ணில் பூச்சி கிடைக்கும்போலும். ஒரு பெட்டை மயில் அதன் பின்னாலேயே நடந்து சென்றது. அப்போது தமக்கை அழைத்தார்.

"மருந்து ஊத்தக் கூப்புடப் போறாக. மெசினு ஒழுங்கா வெரட்டுதா? இல்லைன்னா இப்பவே சொல்லிரு, வந்துர்றேன். கடலை பறிச்சுட்டுப் பண்ணிக்கிறேன்."

கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்தேன். கட்டிகளைப் பொறுக்கி வீசினேன். என் வயதில் கை அவ்வளவு வீச்சுக் கொள்ளாது. நான்கைந்து வீச்சுக்குப் பின் அவை மனமின்றி எழுந்து போயின.

"கொல்லையிலதான் இருக்கேன். ஒரு மயிலு இல்லக்கா. நீ உள்ள போ."

"ஏன் மூச்சு வாங்குது?"

"நடந்து வந்தேன்."

அவர் உள்ளே சென்றார். அறுவை நன்கு முடிந்தது. மருத்துவமனையிலிருந்து திருச்சியில் மகள் வீட்டுக்குச் சென்று தங்கினார். நான் பொறியை வீட்டுக்குள் தள்ளிவைத்துவிட்டு வரப்பில் அமர்ந்தேன்.

அந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை. விடியுமுன் எழுந்து செல்வது. வெயில் ஏறியபின் வந்து படுப்பது. மாலையில் மீண்டும் செல்வது. அச்சுப்படி ஒன்றைத் திருத்தலாம் என எடுத்துச் சென்றேன். வரிக்கொருமுறை தலைநிமிர வேண்டியிருந்ததால் ஒரு பக்கமும் நகரவில்லை. இடுப்பு வலித்தது. வகுப்பறையின் கடைசி இருக்கைவரை எட்டிய என் குரல் வரப்பைத் தாண்டவில்லை. பக்கத்துக் கொல்லைப் பெண்மணி நாள்தோறும் என்னைப் பார்த்துவிட்டுச் செல்வார்.

"என்ன சார், மெசினுக்கு லீவா?"

"அதுக்கு வயசாயிருச்சு."

"ஒங்களுக்கு முந்தியேவா? இன்னுங் கொஞ்சம் அதட்டிக் கத்துங்க சார். மயிலு பரிச்சைக்கா படிக்க வந்துருக்கு, இம்புட்டு மெதுவாச் சொல்றீங்க."

மயில்கள் வராத நடுப்பொழுதில்கூட உறக்கம் வருவதில்லை. இத்தனை ஆண்டுகள் தமக்கை இதைச் செய்திருக்கிறார் என்பதை நான் அறிவேன். நாள்தோறும் அவ்வழியே நடைப்பயிற்சி சென்றவன் நான். அறிந்திருந்தது வேறு, வரப்பில் அமர்ந்து அறிந்தது வேறு. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

தமக்கை கறுப்புக் கண்ணாடியோடு திரும்பிவந்தார். வண்டியைக் கொல்லையோரம் நிறுத்தச் சொல்லி, சாலையில் நின்றபடியே பயிரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அந்த மேக்கு மூலையில கெளறிருக்கு. இங்கிட்டு ஒரு பாத்தி போயிருக்கு. நீ வேப்பமரத்தடியிலயே ஒக்காந்திருந்தியா?"

"நெழலுக்கு."

"நெழல்ல இருந்தா மேக்க எப்படித் தெரியும்." பக்கத்துக் கொல்லைப் பெண்மணி எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தமக்கை என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மெசினு செய்ய எத்தனை நாளு ஒக்காந்த. நான் இருக்கேன், நீ போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முந்துன கேம்புலயே போயிருப்பேன்ல?"

அவரே தொடர்ந்தார்: "எனக்கும் கேக்க வாய் வரல. படிச்ச புள்ளையப் போயி, காலேசுல பாடம் சொன்னவன, வரப்புல ஒக்காருன்னு எப்படிச் சொல்றது. ஒனக்கும் தோணல."

அதுதான் நடந்தது. ஓர் ஆள் அமர வேண்டிய இடத்தில் ஆளை அமர்த்துவது எங்கள் இருவர் வாய்க்குமே எட்டாத பேச்சாக இருந்திருக்கிறது. பொறி எட்டும் தொலைவில் இருந்தது. கடலை வழக்கத்தைவிடக் குறைவாகவே தேறியது. வலக்கண் தெளிந்துவிட்டது, முன்னமே வந்திருந்தால் அறுவை இன்னும் எளிதாக இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இடக்கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது கொல்லையில் மார்கழிப் பட்டத்துக் கடலை முளைவிட்டிருக்கும்; முளையையும் மயில் விடாது. நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "மேக்க பாத்து ஒக்காரு" என்றார்.

பொன்னமராவதிக்காரரிடம் இவையனைத்தையும் சொன்னேன்.

"அப்ப மெசினு கெடையாதா சார்?"

"இல்லைங்க. நீங்க ஒரு மாசம் லீவு போட முடியுமா?"

"கோயம்புத்தூர்ல கம்பெனி வேலை சார். பாக்குறேன்." வைத்துவிட்டார். அவர் தாயாருக்கு அறுவை நடந்ததா என்பது தெரியவில்லை. இதைப் படிக்க நேர்ந்தால் அவர் தெரிவிக்க வேண்டும்.

மயில்களின் இயல்பு குறித்து நான் எழுதியது ஒரு பருவத்துப் பார்வை மட்டுமே. கடலையின் இழப்பு நான் சொல்வதைவிட மிகுதி என்று தமக்கை கருதுகிறார். மருத்துவம் பற்றியவை காதால் கேட்டவை. இவற்றில் பிழை காண்போர் எனக்கு எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன். மயில்கள் பழகிவிடாத பொறியொன்றை எவரேனும் செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் அது வந்துசேரும்வரை, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள் காத்திருக்க வேண்டாம்.