ரெமெயின் சாவிப் புட்டி

மதுக்கடையில் ஆங்கிலேயர் கிளைவ் நாற்காலியை விட்டு எழுந்ததுமே ரெமெ கையை நீட்டிவிடுவாள். "சாவியக் குடு. குரங்கு ஏறியாச்சு." பேச்சு முடிந்தது. கார்ச் சாவி பழைய ஆலிவ்காய்ப் புட்டிக்குள் விழும்.

ஸ்பெயினில் எங்கள் பார்பாத்தேத் துறைமுகத்தில் போதைக்குப் பேர் ஒன்றா இரண்டா! காரணமில்லாமல் சிரித்தால், மீன் பிடித்துவிட்டான் என்போம். பாட்டும் அழுகையும் கலந்து வந்தால் குரங்கு. வீட்டுக்குப் போய் அதைத் தூங்கவைக்க வேண்டும். அதையும் தாண்டினால் பீப்பாய். மதுக்கடைக்காரி ரெமெயிடம் மூன்றுக்குமே சாவி கிடையாது. மீன் நடந்து போகலாம், குரங்கு துணையோடு போகலாம், பீப்பாயை மீன் வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

"எங்க இங்கிலீஷ்ல குடிச்சவனச் சுத்தியலடி வாங்கினவன்னு சொல்லுவோம். சாந்து பூசினவன்னும் சொல்லுவோம்" என்பார் கிளைவ்.

"குடிச்சாக்கூடவா கொத்தனார் வேல? அதான்டா உங்க சனத்துக்குச் சிரிப்பே வரமாட்டேங்குது!" என்பாள் ரெமெ.

புட்டி வந்த கதை ஊருக்கே தெரியும். ஒரு திருவிழாவன்று அவள் கணவர் ஃபெர்மின், "வெறும் மீன்தாண்டி" என்று ஸ்கூட்டரில் கிளம்பி துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரில் போய் மோதினார். இன்னும் நொண்டுகிறார். அன்றோடு அவர் குடியை விட்டார், அவள் புட்டியை எடுத்து வைத்தாள். ஆனாலும் ரெமெ அவர் கையில் எந்தச் சாவியையும் கொடுத்ததில்லை.

போன ஞாயிறு மதியம் மகள் போன் செய்தாள். கைக்குழந்தையோடு பக்கத்து ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கப்போகிறாளாம். ரெமெ இன்னும் முகம் பார்க்காத முதல் பேத்தி! ஆளுக்கொரு கோப்பை நீட்டினோம். குடித்தே பழகாத மகராசி, அத்தனையையும் குடித்தாள், ஆடினாள், அழுதாள், கார்ச் சாவியோடு வாசலுக்கு நடந்தாள்.

பூனைக்கு யார் மணி கட்டுவது? கிளைவ்தான் குறுக்கே நின்று கையை நீட்டினார். "சாவியக் குடு, ரெமெ."

"எனக்காடா? எனக்கு ஒரு சின்ன மீன்கூட இல்லடா!"

"குரங்கு. குட்டியும் கூடவே."

கடையே வெடித்துச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "என் பேத்திடா! பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கணும்டா!"

அடுப்படியிலிருந்து ஃபெர்மின் நொண்டியபடி வந்தார். "நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு."

சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. ரெமெ தள்ளாடிக்கொண்டே அவர் எதிரே போய் நின்றாள்.

"ஊது."

ஊதினார். தன் வாயிலேயே மது நாறுவதை மறந்து, அவர் மூச்சை இரண்டு தரம் மோந்து பார்த்தாள். பிறகு சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.