குடைக்காரியின் கல்யாணம்

எங்கள் சித்திக்கு அலுவலகத்தில் ‘பசை அக்கா’ என்று பெயர். படக்கதைப் புத்தகத்தில் ஆட்கள் பேசும் வசனத்தை அழகாக எழுதி, வெட்டி, படத்தின் மேல் ஒட்டுவது அவள் வேலை. வீடு திரும்பும்போதும் விரல் நுனியில் பசை காய்ந்திருக்கும். பள்ளி விட்டதும் நான் சித்தி வீட்டுக்கு ஓடிப்போய் அதை உரித்துக்கொண்டே, குடைக்காரி அடுத்து யாரைப் பிடிப்பாள் என்று நச்சரிப்பேன்.

குடைக்காரிதான் அந்தப் புத்தகத்தின் நாயகி. சொந்தமாக ஆபீஸ் வைத்துத் துப்பறிபவள். கையில் கறுப்புக் குடை. ஆரம்பத்தில் சக்கைப்போடு போட்டாள். பிறகு ஓவியர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத முதலாளி வேறு ஓவியரை வைப்பாரா? பழைய படங்களையே மாற்றி அடுக்கிப் புதுக் கதை பண்ணச் சொன்னார். அதுவும் சித்தி தலையில் விழுந்தது.

சித்தி அசரவில்லை. ஒரு படத்தில் குடை இருக்கும், அடுத்ததில் இருக்காது. “குடையை டாக்ஸியிலயே விட்டுட்டேன்” என்று ஒட்டிவிடுவாள். வாசகர்கள் டாக்ஸி டிரைவரைச் சந்தேகப்பட்டு எழுதுவார்கள். அடுத்த மாதம் அவனே குற்றவாளி. சாப்பாட்டு மேசை முழுக்கக் குடைக்காரி கிடப்பாள். சித்தப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார். அதைவிடச் சந்தோஷமான காலம் எனக்கு வாய்க்கவே இல்லை.

விற்பனை படுத்ததும் முதலாளி சித்தியைக் கூப்பிட்டார்.

“அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவச்சு, வேலையை விட்டுட்டேன்னு சொல்ல வச்சிடும்மா. இதோட முடிச்சிடலாம்.”

அன்று சித்திக்குச் சோறு இறங்கவில்லை. மணப்பெண் மாதிரி ஒரு படம் வேண்டுமே என்று பழைய இதழ்களைப் புரட்டினாள். குடைக்காரி முறைக்கிறாள், ஓடுகிறாள், சுவர் ஏறுகிறாள். தலை குனிந்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் அவள் தரையில் செருப்புத் தடம் பார்க்கிறாள்.

“அதையே போடு. எவன் பாக்கப் போறான்?” என்றார் முதலாளி.

போட்டாள். பழைய விருந்துக் காட்சி ஒன்றை வெட்டிக் கல்யாணக் கூட்டமாக்கி, கோட்டுப் போட்ட ஒருவனை மாப்பிள்ளையாக்கி, பக்கத்தில் குனிந்த குடைக்காரியை ஒட்டினாள். வசனம் மட்டும் சொந்தச் சரக்கு: “கல்யாணத்தை நிறுத்துங்க! நகைக்கடையில பாத்த அதே செருப்புத் தடம்!”

அட்டையை மட்டுமே பார்க்கும் முதலாளி, புத்தகம் கடைக்குப் போன பிறகுதான் உள்ளே பார்த்தார். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சித்தியின் சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிட்டார். அவள் அவர் முன்னால் நிற்கும்போதே ஏஜென்ட்டுகளிடமிருந்து போன் மேல் போன். மாப்பிள்ளை மாட்டினானா? அடுத்த இதழ் எப்போ? முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“போய் ஒட்டும்மா.”

அதன்பின் குடைக்காரி சில வருஷம் ஓடினாள், அலுவலகத்தையே மூடும்வரை.

போன வாரம் சித்தியிடம் கேட்டேன். “நீயும்தான் கல்யாணம் பண்ணிக்கிட்ட சித்தி. அவ பண்ணிக்கிட்டா என்ன?”

“தாராளமா பண்ணிக்கட்டும்டி, யாரு வேண்டாம்னா? வேலையை விட்டுட்டேன்னு அவ சொல்லணுமாம். அதை என் கையால எப்படிடி எழுதுவேன்?”