வெறும் தாளில் முதல் கையெழுத்து

புள்ளியியல் இறுதியாண்டு வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் டீச்சர். சின்ன வயதிலேயே சக்கர நாற்காலிக்கு வந்தவள். பரீட்சைக்கு முந்தின நாள் மொத்த வகுப்பும் அவளைச் சுற்றி உட்கார்ந்துதான் பாடம் கேட்கும். அவளுக்காக இரண்டு வருடமாய் வகுப்பு தரைத்தளத்தில் நடந்தது. கேன்டீன் அடுப்பங்கரைக்கு அடுத்த அறை, உட்கார்ந்தால் வெந்துபோகும். முணுமுணுப்பு இல்லாமலா இருக்கும்? அதையெல்லாம் அவளுடைய உயிர்த்தோழி, வகுப்புத் தலைவி, ஒரே அதட்டில் அடக்கிவிடுவாள்.

அந்த வகுப்புக்கு ஒரு கெட்ட பழக்கம். மனு என்றால் முதலில் வெறும் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். விஷயத்தைத் தலைவி பிறகு மேலே எழுதிக்கொள்வாள். நாற்பது பேரை இரண்டு தடவை யார் துரத்துவது? முதல் கையெழுத்து எப்போதும் டீச்சருடையது.

"எதுக்குடி இது?"

"லைப்ரரிய ஞாயித்துக்கிழமையும் திறக்கச் சொல்லி. சீக்கிரம் போடு."

போட்டாள். பழகின கை, யோசிக்குமா?

கடைசிப் பருவம் தொடங்கிய திங்கட்கிழமை அறை பூட்டிக் கிடந்தது. வகுப்பு மூன்றாம் மாடி ஏசி அறைக்குப் போய்விட்டதாம். லிஃப்டே இல்லாத கட்டடம். நாற்காலியை உருட்டிக்கொண்டு துறைத்தலைவரிடம் போனாள். அவர் கோப்பைத் திறந்து காட்டினார்.

"நீயும்தானேம்மா கேட்டிருக்க? உன் கையெழுத்துதான் முதல்ல இருக்கு."

கையெழுத்துகளுக்கு மேலே, தோழியின் குண்டு குண்டு எழுத்தில்: 'வகுப்பை மூன்றாம் மாடிக்கு மாற்றித் தரவும். சக்கர நாற்காலியில் வரும் மாணவியும் இதற்கு முழுமனதோடு சம்மதிக்கிறார்.'

"வெறும் தாள்ல போட்டேன் சார்."

"படிச்ச பொண்ணு செய்யற காரியமா இது? அடுத்த பருவத்துல பார்ப்போம்."

அடுத்த பருவம் எங்கே இருக்கிறது? ஊரே சேர்ந்து விரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவள், தினமும் அவள் பையைச் சுமந்தவளாயிற்றே.

மதியம் தோழி இறங்கி வந்தாள். முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"எல்லாரும் என் உயிரை எடுத்துட்டாங்கடி. நான் என்ன பண்ணட்டும்? பாடம் முழுக்க ரெக்கார்ட் பண்ணி அனுப்பிட்டேன். உனக்கு ஒரு குறையும் வராது."

அவள் போனபிறகு டீச்சர் படிக்கட்டின் கீழே தனியாக அதைப் போட்டுக் கேட்டாள். முதலில் வருகைப் பதிவு. பேராசிரியர் எண்களை வாசித்துக்கொண்டே வந்தார்.

"பதினேழு."

அவளுடைய எண்.

"ப்ரெசன்ட் சார்" என்றது தோழியின் குரல்.

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பேராசிரியர் பதினெட்டைக் கூப்பிட்டார்.